ஓர்க் குழந்தைகளை என்ன செய்வது? மேசை விளையாட்டும் அடையாள அரசியலும்

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2025

"பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைப் பள்ளி நாள்களிலிருந்து விளையாடி வருகிறேன். 2020 வரை எங்கள் மேசையில் எவரும் எவருடைய அடையாளத்தைப் பற்றியும் பேசியதில்லை. ஓர்க் என்ற அரக்கன் வந்தால் வெட்டுவோம், புதையலை எடுப்போம், வீட்டுக்குப் போவோம். சென்ற மாதம் வந்த, எதிரிகளைப் பட்டியலிடும் புதிய மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க்குக்குப் பக்கமே இல்லை. விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார்?"

2 மார்ச் 2025, இரவு

யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை. அது 1978ஆம் ஆண்டு விதிநூலிலேயே அட்டவணையாக அச்சிடப்பட்டிருந்தது. விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய அட்வான்ஸ்டு பதிப்பின் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் மனித ஆண் வீரனின் வலிமை 18/00 வரை (00 என்றால் நூறு) ஏறும்; மனிதப் பெண்ணின் வலிமை 18/50இல் நின்றுவிடும். அதே நூலில் எந்த இனம் எந்த இனத்தை விரும்பும், எதைச் சகிக்கும், எதை வெறுக்கும் என்று எழுத்துக் குறிகளால் ஓர் அட்டவணை உண்டு. ட்வார்ஃப் என்ற குள்ளர்களுக்கும் அரை ஓர்க்குகளுக்கும் இடையே அதில் இருப்பது வெறுப்பு. அதற்கும் முன்னால், 1976 அக்டோபரில் வெளிவந்த 'தி டிராகன்' இதழின் மூன்றாம் எண்ணில், பெண் பாத்திரங்களுக்குக் கவர்ச்சியாளுமைக்குப் பதிலாக 'அழகு' என்ற மதிப்பெண்ணைத் தந்து, ஆண்களை மயக்கும் மந்திரங்களையும் சேர்த்து ஒரு கட்டுரை வந்தது. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், நகரத் தெருவில் எதிர்ப்படும் விலைமகளிரை வகை பிரித்துப் பகடை உருட்டித் தேர்வதற்கு ஒரு பட்டியலே இருந்தது.

இவற்றைக் குற்றப்பத்திரிகையாக அடுக்கவில்லை. அந்த எண்களை எழுதியவர்கள் தாங்கள் அரசியல் எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்து எழுதினார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெண்களுக்கான வலிமை வரம்பு நீக்கப்பட்டது. அதற்காக எவரும் பகடையைத் தூக்கி எறிந்ததாக நான் படித்ததில்லை.

3 மார்ச் 2025

"அந்த அட்டவணைகளை எந்த மேசையிலும் எவரும் பயன்படுத்தியதில்லை" என்று பதில் வந்திருக்கிறது. பல மேசைகளில் அது உண்மைதான். ஆனால் புறக்கணிக்கப்பட்டது என்றால் அங்கே யாரோ ஒருவர் இது சரியில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். மேலும், அந்தக் காலத்து விளையாட்டாளர்கள் எல்லோரும் ஒரே வகை ஆண்கள் என்று எண்ணிக்கொள்வதும் பிழை. விளையாட்டாளர்கள் தங்களுக்குள் எழுதி, படியெடுத்து, அஞ்சலில் அனுப்பிக்கொண்ட 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற தொகுப்பிதழை 1975 முதல் நடத்தியவர் லீ கோல்ட் என்ற பெண்மணி.

6 மார்ச் 2025

ஓர்க் பக்கம் ஏன் போனது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இது சற்று நீளும்.

1979இல் கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசத்தைத் தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்து விற்றார்கள். ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் விளையாடக் கற்றுக்கொண்டது அதில்தான். எல்லையில் ஒரு கோட்டை, அதற்கு அப்பால் குகைகள், குகைகளில் கோபோல்டுகள், ஓர்க்குகள், கோப்ளின்கள் என்று அரக்க வகைகள். அந்தக் குகைகளில் சண்டையிடும் ஆண்களோடு பெண்களும் குட்டிகளும் இருப்பதையும் நூல் எண்ணிக்கையோடு சொல்லிவிடுகிறது. அவர்களை என்ன செய்வது என்பதைச் சொல்வதில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இந்த விளையாட்டின் தீராத வழக்கு அதுதான்: ஓர்க் குழந்தை கையில் அகப்பட்டால் நல்லறம் பூண்ட வீரன் என்ன செய்ய வேண்டும்?

2005இல் ஓர் இணைய உரையாடலில் கைகாக்ஸிடமே இதைக் கேட்டார்கள். கொல்லலாம் என்ற பொருள்பட விடையளித்த அவர், ஈர்தான் பேனாகும் என்ற வாக்கியத்தை எடுத்துக்காட்டி, அதைச் சொன்னதாகக் கூறப்படும் சிவிங்டனின் பெயரையும் குறிப்பிட்டார். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயென், அரப்பாஹோ மக்களின் குடியிருப்பின் மேல் படை நடத்திச் சென்றவர் அந்தச் சிவிங்டன். அன்று இறந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். எல்லைக்கோட்டை, அப்பால் உள்ள காட்டுமிராண்டிகள், பிறப்பிலேயே தீமை என்ற இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று ஆய்வாளர் எவரும் தோண்டித் துருவ வேண்டிய அவசியமில்லை. உருவாக்கியவரே முகவரி கொடுத்துவிட்டார்.

ஓர்க்கின் மூதாதையிடம் போனாலும் இதே கதைதான். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலாசிரியர் டோல்கீன் 1958இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஓர்க்குகளின் முகத்தை விவரிக்கும்போது, ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்ற மங்கோலிய முகங்களின் சிதைந்த வடிவம் என்று எழுதினார். 'ஐரோப்பியர் கண்ணுக்கு' என்று அவர் சேர்த்த தொடர் அவருடைய நேர்மையைக் காட்டுகிறது; ஒப்பீட்டை அது மாற்றிவிடவில்லை.

7 மார்ச் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வெட்டி மகிழ்ந்த நாங்கள் எல்லாரும் இனவெறியர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. அந்தக் கேள்வியே விவாதத்தைக் கெடுக்கிறது. ஒரு கதையின் எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்பது ஒரு செய்தி. அதில் விளையாடுபவரின் மனம் எப்படிப்பட்டது என்பது வேறு செய்தி.

நான் வசிக்கும் அமெரிக்கச் சிற்றூரின் நூலக அறையில் அதே பார்டர்லேண்ட்ஸ் சாகசத்தை நடத்தியிருக்கிறேன். கோபோல்டு குகையின் உள்ளறையில் குட்டிகள் இருப்பதை நான் சொன்னதும், வரலாறு கற்பிக்கும் ஒருவர் பகடையைக் கீழே வைத்துவிட்டார். இரவுப்பணி முடித்து வந்திருந்த செவிலி ஒருவரோ, "நாள் முழுவதும் கடினமான முடிவுகளைத்தான் எடுக்கிறேன், குற்றவுணர்வின்றி அடிப்பதற்கு எனக்கு ஒரு பகைவன் வேண்டும், அதற்காகத்தான் இங்கே வருகிறேன்" என்றார். இருவரும் சொன்னது நியாயம். அடுத்த அமர்வில் கோபோல்டுகள் பேச்சுவார்த்தைக்கு வந்தன. பக்கத்துக் குகையில் எலும்புக்கூட்டுப் படையை வைத்தேன். செவிலி அவற்றை மனநிறைவோடு நொறுக்கினார்.

இது நழுவல்தானே என்று பின்னர் எனக்கே தோன்றியதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. மேசையில் இருப்பவர்கள் எதை விளையாட வந்திருக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வதற்குத்தான் 'செஷன் ஜீரோ' என்ற முன்னமர்வு இருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபூலஸ் பரப்பிய எக்ஸ் அட்டையும் இதே வகைதான்: நடுவில் ஓர் அட்டை கிடக்கும், ஒரு காட்சி ஒருவருக்குத் தாங்க முடியாமல் போனால், காரணம் சொல்லாமல் அதைத் தொடலாம், காட்சி வேறு பக்கம் திரும்பும். இதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்களின் மேசைகளிலும், முறைத்துப் பார்ப்பது, எழுந்து போவது, அடுத்த வாரம் வராமலே இருந்துவிடுவது என்று அட்டையில்லாத எக்ஸ் அட்டைகள் பல உண்டு.

11 மார்ச் 2025

2020ஐப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆண்டில் நடந்ததன் வரிசையைப் பாருங்கள். மே 25 அன்று மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டார். ஜூன் 10 அன்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், தன் இன்னொரு விளையாட்டான மேஜிக்: தி கேதரிங்கின் சீட்டுகளில் இனவெறிச் சாயல் கொண்ட ஏழினை ஆட்டத்திலிருந்து விலக்கியது. ஜூன் 17 அன்று அதே நிறுவனம், ஓர்க்குகளும் ட்ராவ் என்ற கரிய எல்ஃப்களும் இனி மற்ற மக்களைப் போலவே நன்மையும் தீமையும் கலந்தவர்களாக எழுதப்படுவார்கள் என்றும், 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' நூலில் ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களைக் கேலிச்சித்திரமாக்கிய, விஸ்தானி என்ற கற்பனை மக்களைப் பற்றிய பகுதிகள் திருத்தப்படும் என்றும் அறிக்கை விட்டது. அந்த நவம்பரில் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன்' நூல், இனத்தோடு பிணைத்திருந்த திறன் கூட்டல்களை (வலிமை, அறிவு போன்றவற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்களை) விருப்பம்போல் மாற்றிக்கொள்ள வழி செய்தது. 2024 செப்டம்பரில் வந்த புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் அந்தக் கூட்டல்கள் பிறப்பிலிருந்து முற்றிலும் விலகி, பாத்திரம் வளர்ந்த பின்புலத்தோடு சேர்ந்தன; ஓர்க்கும் விளையாட்டாளர் தேர்ந்தெடுக்கக்கூடிய பத்து வகைகளுள் ஒன்றாயிற்று.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றை நான் வரவேற்கிறேன். ஆனால் 1994 முதல் புழக்கத்தில் இருந்த 'இன்வோக் ப்ரெஜுடிஸ்' என்ற சீட்டில், முக்காடிட்ட வெள்ளை இனவெறிக் கொலைக்கூட்டமான கூ கிளக்ஸ் கிளானை நினைவூட்டும் ஓவியம் இருப்பதைக் கண்டுகொள்ள நிறுவனத்துக்கு ஒரு மனிதனின் சாவு தேவைப்பட்டது. அந்தச் சீட்டின் அதிகாரபூர்வத் தரவுத்தள எண், நாஜி ஆதரவாளர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் 1488 என்ற குறியாகவும் அமைந்திருந்தது. தற்செயலாகவே இருக்கட்டும், விளையாட்டாளர்கள் அதை நெடுநாளாகச் சுட்டிக்காட்டி வந்தார்கள். கேட்க ஆளில்லை.

12 மார்ச் 2025

விலக்கப்பட்ட ஏழில் 'பிரதேஷ் ஜிப்ஸீஸ்' என்றும் ஒன்று உண்டு. உத்தரமா மத்தியமா என்று அவர்கள் சொல்லவே இல்லை.

19 மார்ச் 2025

யார் எழுதுகிறார்கள் என்பது சொற்களை மாற்றுவதைவிடப் பெரிய விஷயம் என்று நான் ஏன் சொல்கிறேன் என்றால், 2022ஆம் ஆண்டின் இரண்டு மாதங்களைக் காட்டலாம். ஜூலையில் 'ஜர்னிஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்' வந்தது. பதின்மூன்று சாகசங்கள், எழுதியவர்கள் எல்லோரும் வெள்ளையரல்லாதோர், முன்னின்று நடத்திய இருவருள் ஒருவர் அஜித் ஜார்ஜ், மிமி மண்டல் வங்கத்தின் ஆற்றங்கரைகளை மனத்தில் வைத்து எழுதிய சாகசமும் அதில் உண்டு. அங்கே அயல்நாடு என்பது வேடிக்கை பார்க்கும் இடமாக இல்லை. அந்த ஊர்க்காரர்களுக்கே உரிய வழக்குகள் இருந்தன, அவர்களே தீர்த்துக்கொள்ள முயன்றார்கள்.

அடுத்த மாதமே அதே நிறுவனம் 'ஸ்பெல்ஜாமர்' தொகுப்பை வெளியிட்டது. அதில் ஹடோசீ என்ற குரங்கு போன்ற இனம். மந்திரவாதி ஒருவன் அவற்றைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, அடிமைகளாக விற்கத் திட்டமிட்டான். அவனுடைய சீடர்கள் விடுவித்தார்கள் என்பது அதன் பின்கதை. போதாததற்கு, அமெரிக்காவில் கறுப்பர்களைக் கேலி செய்த பழைய மேடைக் கூத்துகளின் சாயலில் ஓர் ஓவியம். செப்டம்பர் தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்டு அப்பகுதிகளை நீக்கினார்கள். ஒரே கட்டடத்தில், ஒரே கோடையில், இவ்வளவு தூரம்! அறிக்கைகளாலும் பழைய நூல்களின் தலைப்பில் ஒட்டும் எச்சரிக்கை வாசகங்களாலும் இந்தத் தூரம் குறையாது. அச்சுக்குப் போகும் முன், இதைப் பார்த்ததும் முகம் சுளிக்கக்கூடிய ஒருவர், சுளித்தால் தடுக்கும் அதிகாரத்தோடு, அந்த அறையில் இருக்க வேண்டும். அதிகாரம் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் 2021இல் பார்த்தோம்: 'கேண்டில்கீப் மிஸ்டரீஸ்' தொகுப்பில் எழுதிய ஒருவர், தம்மைக் கேட்காமலே தம் பகுதி மாற்றப்பட்டது என்று பொதுவெளியில் முறையிட்டார்.

இன்னொரு கோணமும் உண்டு. 2021 அக்டோபரில், பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு பாத்திர விளையாட்டை வெளியிடும் பைசோ நிறுவனத்தின் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். நிறுவனம் அதை அங்கீகரித்தது. 2019லேயே பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் 'இனம்' என்பதை விட்டு 'வம்சாவளி' என்று எழுதத் தொடங்கிய முற்போக்கு நிறுவனம் அது. அங்கேயும் ஊழியர்களுக்குச் சங்கம் தேவைப்பட்டது. விசார்ட்ஸின் தாய்நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பாக, சுமார் 1,100 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. எல்லோரையும் உள்ளடக்குவோம் என்று விளம்பரம் எழுதும் நிறுவனத்தைப் பாராட்டும்போது, அந்த விளம்பரத்தை எழுதியவருக்கு வேலை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

20 மார்ச் 2025

மனிதக் கலப்பில் பிறந்த அரை எல்ஃப், அரை ஓர்க் பற்றிக் கேட்டவருக்கு: 2024 நூலில் அவற்றைச் சேர்க்காததை நான் ஏற்கவில்லை. 'அரை' என்று சொல்வதே இனவாதக் கட்டுமானம் என்பது வடிவமைப்பாளர் தரப்பின் வாதம். ஆனால் கலப்புக் குடும்பங்களில் பிறந்த பலர் பல ஆண்டுகளாகத் தேடித் தேடி எடுத்த பாத்திரம் அரை எல்ஃப்தான். எந்தப் பக்கத்திலும் முழுதாகச் சேர முடியாதவன் என்ற அதன் துயரமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. எவருடைய மனம் நோகும் என்று நீக்கினார்களோ அவர்களில் ஒரு பகுதியினர்தான் முதலில் வருந்தினார்கள்.

28 மார்ச் 2025

வார்ஹாம்மர் பற்றி எழுதாமல் இந்த விவாதம் முழுமையாகாது என்கிறார்கள்; சரி. சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டாக 1987 முதல் வரும் வார்ஹாம்மர் 40,000இல் மனிதப் பேரரசு ஒரு கொடுங்கோன்மை. அதை அங்கதமாகத்தான் படைத்தார்கள். அங்கதத்தை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்பவர்களும் கூடவே வந்தார்கள். 2021இல் ஸ்பெயினின் தலவேராவில் நடந்த போட்டிக்கு ஒருவர் நாஜிச் சின்னங்கள் பொறித்த உடையில் வந்தார். அமைப்பாளர்கள் அவரை வெளியேற்றவில்லை. அவரோடு ஆட மறுத்தவர் தோற்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் பிறகு அந்த விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப், பேரரசை இயக்குவது வெறுப்பு, வார்ஹாம்மரை இயக்குவது அதுவல்ல என்று அறிக்கை வெளியிட்டு, வெறுப்புச் சின்னங்களோடு வருவோருக்கு இடமில்லை என்றது. தேவையான அறிக்கை; இன்னும் முன்பே வந்திருக்கலாம்.

ஆனால் 2024 ஏப்ரலில் அதே நிறுவனம் செய்ததை என்னால் பாராட்ட முடியவில்லை. பேரரசரின் மெய்க்காவலரான கஸ்டோடிஸ் படையில் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்தினார்கள். அது நல்ல செய்தி. எனக்கு அந்தப் பாத்திரம் பிடித்தது. பழைய ரசிகர்கள் கேள்வி கேட்டபோது, தொடக்கத்திலிருந்தே பெண் காவலர்கள் இருந்து வருகிறார்கள் என்று பதில் போட்டார்கள். 2018ஆம் ஆண்டு நூலில் அவர்கள் உயர்குடியினரின் ஆண் மகவுகள் என்று தெளிவாக அச்சிட்டிருந்ததை, அதை விலை கொடுத்து வாங்கியவர்களின் முகத்துக்கு நேரே மறுத்தார்கள். "கதையை மாற்றுகிறோம், இனி இப்படித்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரியைத் தவிர்த்ததால், பெண்களே பிடிக்காதவர்களும் நூலை மதித்துப் படிப்பவர்களும் ஒரே அணியில் போய் நின்றார்கள்.

2 ஏப்ரல் 2025

தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. ஓர்க்குக்கு விடுதலை கிடைத்தது, ராட்சசனுக்குக் கிடைக்கவில்லை. 1977 மான்ஸ்டர் மேனுவலில் புலித்தலையும் பின்னோக்கித் திரும்பிய உள்ளங்கைகளும் கொண்டு வந்த 'ரக்ஷஸா', இவ்வாண்டு நூலிலும் பிறவித் தீயவனாகத்தான் இருக்கிறான். அவன் மனித வகையல்ல, நரகவாசி என்பது விதியின் விளக்கம். 1980இல் வந்த 'டெயிட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் இந்திரனுக்கும் காளிக்கும் உயிர்ப்புள்ளிகள் கொடுத்து, அடித்தால் சாகக்கூடியவர்களாக அச்சிட்டவர்கள் இவர்கள். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

பிறப்பால் அரக்கன் என்பதை ஏற்பதா என்ற வழக்கு நமக்குப் பழையது. புலவர் குழந்தை 1946இல் இராவணனைத் தலைவனாக்கிக் காவியம் எழுதினார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. எனக்கு அதைவிடப் பெரிய பாடம் கம்பனிடம் இருக்கிறது. கம்பன் அரக்கர் பக்கத்தை நீக்கவில்லை, அரக்கரை நல்லவராக்கவும் இல்லை. தம்பி வீடணன் வந்து அழைக்கும்போது கும்பகருணன், நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்கு ஐயமின்றித் தெரியும். அவன் எதிரணியில் நிற்பதற்குக் காரணம் அவனுடைய நன்றியுணர்வு, பிறப்பல்ல.

ஓர்க் பக்கத்தை எடுத்துவிட்டதில் என் குறை இதுதான். தீமை பிறப்பால் வருவதல்ல என்று முடிவெடுத்தால், இந்த ஓர்க்குகள் ஏன் இந்த ஊரைத் தாக்குகின்றன என்ற காரணத்தை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். பஞ்சமா, பறிபோன மேய்ச்சல் நிலமா, பேராசை பிடித்த தலைவனா? நிறுவனம் அந்த எழுத்துவேலையைச் செய்யவில்லை. எந்த மனித வீரனின் எண்களையும் எடுத்து ஓர்க் என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. பழைய நூலில் பொய்யான காரணம் இருந்தது. புதிய நூலில் காரணமே இல்லை.

3 ஏப்ரல் 2025

"கம்பனைக் கொண்டுவந்து ஓர்க்கோடு நிறுத்திவிட்டீர்களே" என்று ஒருவர் வருந்துகிறார். கும்பகருணன் வருந்தமாட்டான், அவன் பாதி நேரம் தூங்குகிறவன்.

14 ஏப்ரல் 2025

சக்கர நாற்காலி பற்றி. 2020இல் சாரா தாம்சன் போர்ச் சக்கர நாற்காலிக்கான விதிகளை வெளியிட்டபோதும், 2021இல் 'கேண்டில்கீப்' தொகுப்பின் ஒரு சாகசத்தில் நாற்காலியில் போகக்கூடிய நிலவறை வந்தபோதும், பகைவன் தன் கோட்டையில் சாய்தளம் கட்டுவானா என்று கேலி செய்தார்கள். அந்தப் பகைவனுக்கும் வயதாகும், முழங்கால் வலிக்கும் என்பது ஒரு பதில். என் மேசையில் நடந்தது வேறு. ஊன்றுகோலோடு நடக்கும் ஒருவர் எங்களோடு விளையாடுகிறார். அந்த விதிகளை அச்சிட்டு அவரிடம் நீட்டினேன். ஆர்வமாகப் படித்துவிட்டு, கூரைக்குக் கூரை தாவும் திருடியாகத்தான் விளையாடுவேன் என்றார். விதி வீண் என்று இதற்குப் பொருளில்லை. அதே விதியை வாங்கிப்போன இன்னொருவர், தம் மகன் முதல்முறையாகத் தன்னைப் போன்ற வீரனை வரைந்தான் என்று சொன்னார். தேர்வு நூலில் இருக்க வேண்டும். யார் எதை எடுக்க வேண்டும் என்பதை என்னைப் போன்ற நல்லெண்ணக்காரர்கள் முன்கூட்டியே ஊகிக்காமல் இருப்பது நல்லது.

27 ஏப்ரல் 2025

பிள்ளைகளோடு புதிதாகத் தொடங்குவதற்கு எந்தப் பதிப்பை வாங்குவது என்று கேட்டவருக்கு: எதையும் உடனே வாங்க வேண்டாம். 2024 பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு இந்த மாதம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வந்துவிட்டது. திறன் கூட்டல்களைப் பின்புலத்தோடு சேர்க்கும் முறையை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஓர்க்கின் எண்கள் வேண்டுமானால், 2023 ஜனவரியில் அதே உரிமத்தில் வந்த பழைய தொகுப்பில் இருக்கின்றன. இரண்டையும் கலந்து ஆடலாம். முன்னமர்வில் பிள்ளைகளிடம் சிலந்தி, இருட்டு, பெற்றோரின் சாவு ஆகிய மூன்றையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். ஓர்க்குகள் ஏன் ஊருக்கு வந்தன என்ற காரணத்தை நீங்கள் எழுத வேண்டாம்; அவர்களையே கேளுங்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் இந்த வேலையை நிறுவனத்தைவிட நன்றாகச் செய்வார்கள்.